கேரவன் நடுவழியில் நின்றால்: ராமநாதபுரம் கடற்கரைப் பயணத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கேரவன் என்றாலே, படப்பிடிப்பு இடைவேளையில் நடிகர்கள் இளைப்பாறும் வண்டிதான் நம்மில் பலருக்கு இன்றும் நினைவுக்கு வருகிறது. ஆனால் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எனச் சகலத்தையும் ஒரு வேனுக்குள் அடக்கிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் ஊராகச் செல்பவர்கள் தமிழ்நாட்டுச் சாலைகளிலும் இப்போது கண்ணில் படத் தொடங்கியிருக்கிறார்கள். நானும் என் மனைவியும் பழைய டெம்போ டிராவலர் ஒன்றை அப்படி மாற்றிக்கொண்டு, வடக்கே தொண்டியில் தொடங்கித் தேவிபட்டினம், உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் வழியாகத் தனுஷ்கோடி வரையிலும், தெற்கே திருப்புல்லாணி, கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், சாயல்குடி வரையிலும் பல முறை சென்று வந்திருக்கிறோம். அவற்றில் ஒரு பயணமும் நாங்கள் தாளில் எழுதி வைத்தபடி முடிந்ததில்லை.

காரில் செல்கிறவருக்கு வண்டி பழுதானால் ஒரு விடுதி அறை போதும். கேரவனில் செல்கிறவருக்கோ வண்டி நின்றால் வீடும் சேர்ந்து நின்றுவிடுகிறது. தண்ணீர், விளக்கு, சமையல், தூக்கம் ஆகிய எல்லாமே அந்த ஒரே வண்டியை நம்பியிருக்கின்றன. ஆகவே எந்த இடையூறு வந்தாலும், "இதை எப்படிச் சரிசெய்வது?" என்ற கேள்விக்கு முன்னதாக, "இன்றிரவு எங்கே தூங்கப்போகிறோம்?" என்ற கேள்விக்கு விடை கண்டுவிட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது. இதற்காக நாங்கள் ஒரு விதியை வைத்திருக்கிறோம். மாலை நான்கு மணிக்குள் தீராத பழுது அன்றைக்குத் தீராது என்று முடிவுசெய்து, இருட்டுவதற்குள் தங்குமிடத்தை உறுதிசெய்துகொள்கிறோம். கீழே வரும் படிகள் எல்லாவற்றையும் இந்த விதியின் கீழ் வைத்தே வாசிக்க வேண்டும்.

புறப்படுவதற்கு முன்

வேனைக் கேரவனாக மாற்றியவர்கள், அந்த மாற்றம் பதிவுச் சான்றிதழில் ஏறியிருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, பதிவில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. பதிவில் ஏறாத மாற்றத்தோடு விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகைக்கும் சிக்கல் வரும். வாடகைக்கு எடுப்பவர்கள், வழியில் வண்டி நின்றால் பழுது பார்க்கும் செலவு யாருடையது, மாற்று வண்டி உண்டா, ஓட்டுநர் இரவில் எங்கே தங்குவார் ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பாஸ்டேக் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். போகலூர் சுங்கச்சாவடியில் வரிசையை மறித்துக்கொண்டு கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருப்பது யாருக்கும் அழகில்லை.

உதிரிப் பொருள்களைப் பொறுத்தவரை, மதுரையைத் தாண்டிவிட்டால் பெரிய ஊர்கள் பரமக்குடியும் ராமநாதபுரமும்தான். மதுரையிலிருந்து ராமநாதபுரம் ஏறத்தாழ 115 கிலோமீட்டர். அங்கிருந்து ராமேசுவரம் மேலும் 55 கிலோமீட்டர். உங்கள் வண்டிக்கே உரிய பேன் பெல்ட், டீசல் பில்டர், ரேடியேட்டர் ஹோஸ், பல வகை பியூஸ்கள், தண்ணீர் பம்புக்கு ஒரு மாற்று ஆகியவற்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள். தகரப் பெட்டியில் உதிரிப் பொருள் வைத்திருப்பதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். சிறு ஊர்களில் திறமையான மெக்கானிக்குகள் உண்டு. அவர்களிடம் இல்லாதது உங்கள் வண்டியின் அந்தக் குறிப்பிட்ட பொருள் மட்டுமே.

இவற்றோடு இரண்டடி நீளத்தில் இரண்டு கனத்த பலகைகள், மண்வெட்டி, கொக்கியோடு கூடிய இழுவைப் பட்டை, சக்கரத்துக்கு அணை கொடுக்க நான்கு கட்டைகள், காற்றழுத்த மானி, சிறு ஏர் கம்ப்ரசர், டியூப்லெஸ் பஞ்சர் கிட், நல்ல கைவிளக்கு ஆகியவை வேண்டும். முக்கிய எண்களைக் கைப்பேசியில் மட்டும் வைக்காமல் ஒரு தாளில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்: அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, சமையல் எரிவாயுக் கசிவுக்கு 1906, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல் படைக்கு 1554.

முதல் பத்து நிமிடம்

வண்டியில் ஏதோ கோளாறு என்று தெரிந்தவுடன், அது இன்னும் உருளும் நிலையில் இருந்தால், கெட்டியான தரையுள்ள இடம் வரும் வரையில் மெதுவாக ஓட்டிச் செல்லுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தார் முடியும் இடத்திலிருந்து ஓரடி தள்ளினால் மணல் தொடங்கிவிடும் இடங்கள் ஏராளம். பதற்றத்தில் ஓரமாக ஒதுங்கி நின்றவர்கள், சிறு பழுதோடு மணலில் புதைந்த வண்டி என்ற இரண்டாவது பழுதையும் சேர்த்துக்கொள்வார்கள். பெட்ரோல் பங்க், பள்ளிவாசல் அல்லது கோயில் வாசல், தேநீர்க் கடை முகப்பு ஆகியவை நல்ல இடங்கள்; அங்கே தரையும் கெட்டி, மனிதர்களும் இருப்பார்கள்.

நின்றதும் நான்கு பக்கமும் எச்சரிக்கை விளக்கு மின்னட்டும். முக்கோணப் பலகையை ஐம்பது மீட்டர் பின்னால் வையுங்கள். சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். எரிவாயு சிலிண்டரின் வால்வை மூடுங்கள். குழந்தைகளையும் முதியவர்களையும் சாலைக்கு எதிர்ப்புறக் கதவு வழியாக இறக்கி நிழலில் உட்கார வையுங்கள். அவர்கள் செருப்பில்லாமல் இறங்கக் கூடாது. சாலையோரம் எங்கும் சீமைக் கருவேல முள் கிடக்கும்.

பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் நின்றுவிட்டால் நிலைமை வேறு. 1988இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் நீளமுடையது. ஒதுங்குவதற்குத் தனி இடம் கிடையாது. அதன்மேல் பழுது பார்க்க முயலாதீர்கள். பாலத்தின் நடுப்பகுதி உயர்ந்திருப்பதால், உச்சியைத் தாண்டி நின்ற வண்டியைக் கியரிலிருந்து விடுவித்து இறக்கத்தில் உருட்டிவிடலாம் என்று சிலருக்குத் தோன்றும். இன்ஜின் ஓடாத நிலையில் பிரேக் கனத்துப்போகும். பவர் ஸ்டீயரிங்கும் கல்லாகிவிடும். மூன்று டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியில் அந்த விளையாட்டு வேண்டாம். எல்லோரையும் நடைபாதைக்கு ஏற்றிவிட்டு 112ஐ அழைத்து, இழுத்துச் செல்லும் வண்டி வரும் வரையில் காத்திருப்பதே முறை. பாலத்தில் நின்று கடலைப் படம் எடுக்கும் கூட்டத்தோடு நீங்களும் சேர்ந்துவிட்டீர்கள் என்று நினைத்துக் காவலர் முதலில் அதட்டலாம், பொறுமையாக விளக்குங்கள்.

முள்ளும் டயரும்

இந்தக் கடற்கரையில் வண்டியை நிறுத்தும் முதல் காரணம் இன்ஜின் கோளாறன்று, சீமைக் கருவேல முள்தான். ராமநாதபுரம் மாவட்டத்தில் அந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவது பலருக்குப் பிழைப்பு. வெட்டிய கிளைகளை ஏற்றிச் செல்லும் வண்டிகளிலிருந்து சிதறியவையும், சாலையோரம் கழித்துப் போட்டவையும் காய்ந்து ஆணிபோல் விறைத்துக் கிடக்கும். டயருக்குள் ஏறிய முள் பெரும்பாலும் அங்கேயே ஒடிந்து, தான் போட்ட துளையைத் தானே அடைத்துக்கொள்வதால், காற்று உடனே இறங்காது. இரவு நிறுத்தும்போது நன்றாக இருந்த டயர் காலையில் சப்பையாகக் கிடப்பதற்கு இதுவே காரணம். தினமும் காலையில் இன்ஜினைத் தொடுவதற்கு முன் காற்றழுத்த மானியோடு ஒரு சுற்று வாருங்கள். பின்பக்கம் ஜோடி டயர் உள்ள வண்டிகளில் உள் டயர் இறங்கியிருந்தாலும் வெளி டயர் தாங்கிக்கொண்டு நிற்கும். கண்ணால் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

முள் கண்ணில் பட்டவுடன் அதைப் பிடுங்கத் தோன்றும். அருகில் பஞ்சர் கடை இருந்தாலோ, அடைப்பதற்கான பொருள்கள் கையில் இருந்தாலோ ஒழியப் பிடுங்காதீர்கள். குறைந்த வேகத்தில், பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை காற்றைச் சோதித்துக்கொண்டு, அடுத்த ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம். டியூப் உள்ள பழைய டயருக்கு இது பொருந்தாது. அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

டயரைக் கழற்றும்போது செய்ய வேண்டியதை நான் வாலிநோக்கம் செல்லும் சாலையில் ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொண்டேன். ஜாக்கியை வைத்து இருபது முறை அழுத்திய பிறகும் வண்டி அரை அங்குலம்கூட எழும்பவில்லை. கரிமூட்டத்திலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் பார்த்தார். "தம்பி, அடியில பலகை போடாம ஏத்துனா வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும்" என்றார். பிறகு அவரே எங்கிருந்தோ ஒரு பனஞ்சட்டத்தின் துண்டைக் கொண்டுவந்து போட்டார். மேலே நான் சொன்ன இரண்டு பலகைகள் அன்றிலிருந்து எங்கள் வண்டியில் இருக்கின்றன.

வண்டி எழும்புவதற்கு முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போதே, நட்டுகளைக் கால்சுற்று தளர்த்திவிடுங்கள். கழற்றிய டயரைச் சட்டத்தின் அடியில் கிடத்தி வையுங்கள். ஜாக்கி சாய்ந்தாலும் வண்டி முழுவதாகத் தரையில் விழாது. ஸ்டெப்னியை மாட்டியபின் எதிரெதிர் நட்டுகளாக முடுக்கி, ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முடுக்குங்கள். ஸ்டெப்னி இல்லாமல் அடுத்த நாள் பயணத்தைத் தொடங்காதீர்கள். கீழக்கரையில் வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆ தொழுகைக்காகக் கடைகள் சாத்தியிருக்கும். கடைவாசலில் நின்று சலித்துக்கொள்ளாமல், அந்த நேரத்துக்குச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, "காக்கா, ஒரு டயர் பார்க்கணும்" என்று பிற்பகலில் போனால் வேலை நடக்கும் (அங்கே அண்ணனைக் காக்கா என்றுதான் அழைப்பார்கள்).

மணலில் புதைந்தால்

தனுஷ்கோடி செல்லும் வழியிலுள்ள முகுந்தராயர் சத்திரத்திலிருந்து, நிலம் முடியும் அரிச்சல்முனை வரையிலான சாலை 2017இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் மணலுக்குப் பழகிய ஜீப்புகளும் வேன்களும் மட்டுமே சென்ற அந்த ஒன்பதரை கிலோமீட்டரை இப்போது எந்த வண்டியும் கடந்துவிடலாம். அதனாலேயே பலர், சாலையை விட்டுச் சற்று இறங்கினால் என்ன என்று நினைக்கிறார்கள். ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று எனும் தென்மேற்குக் காற்று வீசும்போது மணல் சாலையின் மேலேயே படிந்துவிடுவதும் உண்டு. தைக்குப் பிறகு வரும் மாதங்களில் அந்த மணலில் கடலாமைகள் முட்டையிட வருகின்றன என்பதையும் கவனத்தில் கொண்டு, கரையில் வண்டியை இறக்குவதை அடியோடு தவிர்ப்பதே நல்லது.

அப்படியும் புதைந்துவிட்டால், முதலில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். சுழலும் சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். பத்து விநாடி ஆத்திரத்தின் விலை இரண்டு மணி நேர மண்வெட்டி வேலை. இறங்கிப் பார்த்து, வண்டியின் அடிவயிறு மணலில் அமர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். அமர்ந்திருந்தால், அந்த மணலை வாரி எடுக்காமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை.

அடுத்ததாக எடையைக் குறையுங்கள். நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ எடை. கை கால் கழுவ வைத்திருக்கும் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிடலாம். அதையே சக்கரத்தின் முன்னுள்ள மணலில் பாய்ச்சினால் ஈர மணல் இறுகிப் பிடி கொடுக்கும். குடிநீர்க் கேனைத் தொடாதீர்கள். பயணிகள் எல்லோரும் இறங்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

பிறகு டயர்க் காற்றைக் குறையுங்கள். வழக்கமாக 60 பி.எஸ்.ஐ. வைத்திருப்பவர்கள் 40க்கு இறக்கலாம். காற்றுக் குறைந்த டயர் தரையில் அகலமாகப் படிந்து எடையைப் பரப்பிக்கொள்ளும். இதுதான் மணலுக்கு முதல் மருந்து, எனினும் பெரும்பாலோர் இதைக் கடைசியில்தான் முயல்கிறார்கள். இயங்கும் சக்கரங்களின் முன் மணலைச் சாய்வாகச் செதுக்கிப் பலகைகளையோ, கால்மிதிகளையோ, காய்ந்த பனையோலைகளையோ செருகுங்கள். முன்சக்கரங்களை நேராக வைத்து, வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுக்கப் பாருங்கள். நீங்கள் வந்த வழியில் மணல் ஏற்கெனவே அழுந்தியிருக்கிறது. இரண்டாம் கியரில் கிளட்சை மெல்ல விட்டு முன்னோக்கி எடுப்பது அடுத்த வழி. வெளியே வந்ததும் கெட்டியான தரை வரும் வரையில் நிறுத்தாதீர்கள். வந்தபின் கம்ப்ரசரால் காற்றை நிரப்பாமல் இருபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள்.

அரை மணி நேரத்தில் அசையவில்லையென்றால் இழுவைக்கு ஆள் தேடுங்கள். மீனவர் குடியிருப்புகளின் அருகில் டிராக்டரோ ஜீப்போ கிடைக்கும். கூலியை வேலை தொடங்குவதற்கு முன்பே கேட்டுப் பேசி முடித்துவிடுவது இருவருக்கும் மரியாதை. காயவைத்த வலை, பரப்பிய கருவாடு ஆகியவற்றின் மீது ஏறாமல் வண்டி வெளியேறும் வழியையும் அவர்களிடமே கேளுங்கள். பட்டையை வண்டியின் இழுவைக் கொக்கியில் மட்டும் மாட்ட வேண்டும். பம்பரிலோ ஸ்டீயரிங் கம்பியிலோ மாட்டக் கூடாது. இறுகிய பட்டை அறுந்தால் சாட்டைபோல் அடிக்கும் என்பதால், அதன்மேல் ஈரப் போர்வை ஒன்றைப் போட்டுவிட்டு, வேடிக்கை பார்ப்பவர்களைப் பட்டையின் நீளத்தைப்போல் இரு மடங்கு தொலைவுக்கு விலக்கிவிடுங்கள்.

வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களைச் சுற்றியும், காரங்காடு போன்ற சதுப்புநிலக் காடுகளின் ஓரத்திலும் மணலைவிட மோசமான தரை ஒன்று உண்டு. மேலே வெயிலில் வெடித்துக் காய்ந்திருக்கும், உள்ளே சேறு. அங்கே காற்றைக் குறைப்பதும் பலகை போடுவதும் எடுபடுவதில்லை. புதைந்தால், கெட்டியான தரையில் நிற்கும் வேறொரு வண்டி பின்பக்கமாக இழுப்பதே வழி.

இன்ஜின் சூடேறினால்

எதிர்க்காற்றில் உயரமான வண்டியை ஏசி போட்டுக்கொண்டு ஓட்டும்போது வெப்பமானி ஏறுவது இயல்பு. முள் சிவப்பை நெருங்கினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுவதாகத் திறந்துவிட்டு, ஒதுங்கி நின்று, குறைந்தது நாற்பது நிமிடம் காத்திருங்கள். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தவர்களின் முகத்தில் தழும்பு இருக்கிறது. ஆறியபின் கூலண்ட் குறைந்திருந்தால், அக்கம்பக்கத்தார் அன்போடு கொண்டுவரும் குடத்துத் தண்ணீரை ஊற்றுவதற்கு முன் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். இங்கே பல ஆழ்துளைக் கிணறுகள் உவர். அந்த உப்பு ரேடியேட்டரை உள்ளிருந்தே அரித்துவிடும். அவசரத்துக்குக் கடையில் வாங்கும் கேன் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, ஊர் சேர்ந்ததும் முழுவதும் வடித்துப் புதுக் கூலண்ட் நிரப்புங்கள். பேட்டரிக்கோ டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறெதுவும் கூடாது.

மின்சாரம் தீர்ந்த இரவு

வீட்டு உபயோகத்துக்கு 150 ஆம்பியர் மணி திறனுள்ள, 12 வோல்ட் ஈய அமில பேட்டரி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெயரளவில் அதில் 1,800 வாட் மணி மின்சாரம் உண்டு. ஆனால் அதைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால், கைவசம் உள்ளது 900 வாட் மணிதான். 25 வாட் மின்விசிறிகள் இரண்டும் பத்து வாட் விளக்கு ஒன்றும் எட்டு மணி நேரம் ஓடினால் 480 வாட் மணி போய்விடும். சிறு குளிர்பெட்டியையும் ஓட்டினால் விடிவதற்குள் பாதிக் கோட்டைத் தொட்டுவிடுவீர்கள். ஆயிரம் வாட் ஏசியோ ஒரு மணி நேரத்துக்குள் கதையை முடித்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் நாள்கணக்கில் மூடியிருக்கும்போது சூரியத் தகட்டை நம்பித் திட்டமிடக் கூடாது.

திடீரென எல்லாம் அணைந்துவிட்டால், முதலில் பேட்டரி முனைகளைப் பாருங்கள். உப்புக்காற்றில் அவற்றின்மேல் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். கழித்தல் குறியுள்ள எதிர்மின்முனையை முதலில் கழற்றி, வெந்நீரில் கரைத்த சமையல் சோடாவால் துடைத்துக் காயவைத்து, வாஸ்லின் தடவி மாட்டினால் பல பழுதுகள் அங்கேயே தீரும். பிறகு பியூஸைப் பாருங்கள். ஒருமுறை போன பியூஸை மாற்றலாம். மாற்றியதும் மறுபடி போனால் கம்பி எங்கோ உரசுகிறது என்று பொருள். பெரிய பியூஸைப் போட்டு அதைச் சமாளிப்பது தீ வைத்துக்கொள்வதற்குச் சமம். ஓய்வில் பேட்டரி 12.2 வோல்ட் காட்டினால் ஏறத்தாழப் பாதிதான் மீதமிருக்கிறது; விசிறி ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை அணையுங்கள். வண்டியைக் கிளப்பும் பேட்டரியிலிருந்து வீட்டுச் சாமான்களுக்கு மின்சாரம் எடுக்காதீர்கள். காலையில் கிளம்ப அதுதான் வேண்டும்.

தண்ணீர்

ராமநாதபுரத்தில் தண்ணீரைப் பற்றிப் பேசும்போது குரல் தானாகத் தணியும். காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகும் ஊருக்குக் குடிநீர் வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் தெருக்கள் உண்டு. ஆகவே தொட்டி ஒழுகி வெறுமையானால், கண்ட குழாயில் நூறு லிட்டர் பிடிக்கலாம் என்று எண்ணக் கூடாது. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் நான்கு லிட்டர் என்று கணக்கிட்டு, நால்வர் குடும்பத்துக்கு ஒரு 20 லிட்டர் கேன் வீதம், இரண்டு நாளைக்கானதைத் தொட்டியோடு தொடர்பில்லாமல் தனியே வைத்திருங்கள். பம்பு பழுதானாலும் அதைச் சாய்த்து ஊற்றிக்கொள்ளலாம்.

ராமேசுவரம் தீவில் கடலுக்குச் சில அடி தொலைவிலேயே மணலைத் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பதைப் பார்க்கலாம். இதனை ஊற்று என்கிறார்கள். மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடர்த்தி மிகுந்த கடல்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. கைகளால் ஆழமில்லாமல் தோண்டிக் கொட்டாங்கச்சியால் மெல்ல மொண்டால் நன்னீர். பேராசைப்பட்டு ஆழமாகத் தோண்டினாலோ பம்பு போட்டு இழுத்தாலோ உப்பு மேலேறிவிடும். ஒரு குடம் குடிக்கக் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். வண்டித் தொட்டியை நிரப்பக் கேட்பது முறையில்லை; பங்க்கிலோ, விலைக்கு விற்கும் லாரியிலோ வாங்கிக்கொள்ளுங்கள். கழிப்பறைத் தொட்டி நிரம்பிவிட்டால் கடற்கரையில் திறந்துவிடும் எண்ணம் வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. நகராட்சிக் கட்டணக் கழிப்பறையின் பொறுப்பாளரிடம் பேசி, கட்டணம் கொடுத்து அங்கேயே காலிசெய்யலாம்.

எரிவாயு வாடை

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது; வண்டியின் தரைமட்டத்தில் குளம்போல் தேங்கும். வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. சிலிண்டரை மூடுங்கள், கதவுகளைத் திறந்துவிடுங்கள், இறங்கிவிடுங்கள். வெளியே போன பிறகுதான் கைப்பேசியைத் தொட வேண்டும். குலுங்கும் சாலையில் இணைப்புகள் தளர்வதால், சமையல் முடிந்தவுடன் சிலிண்டரை மூடுவதைப் பழக்கமாக்கிக்கொண்டால் இந்தப் பத்திக்கு வேலையே இருக்காது.

காற்றும் மழையும்

பாம்பன் ரயில் பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் ரயில்கள் நிறுத்தி வைக்கப்படும். ரயிலுக்கே அந்த நிலை என்றால், தட்டையான பக்கச் சுவர்களோடு மூன்று மீட்டர் உயரத்துக்கு நிற்கும் கேரவன் அந்தக் காற்றில் சாலைப் பாலத்தில் ஏறக் கூடாது என்பது சொல்லாமலே விளங்கும். மண்டபத்திலேயே நிறுத்திக் காற்று தணியக் காத்திருங்கள். நிறுத்தும்போது வண்டியின் முகம் காற்றை நோக்கி இருக்கட்டும்; பக்கவாட்டில் வாங்கினால் இரவெல்லாம் தொட்டில்தான். கச்சான் காற்று மாதங்களில் வெளிப்பந்தலை விரித்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். எங்கள் முதல் பந்தல் இப்போது கடலில் எங்கோ கிடக்கிறது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தினமும் இருமுறை வானிலை அறிவிப்பைப் பாருங்கள். 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 2020 டிசம்பரில் புரெவிப் புயல், வலுக்குறைந்த பிறகும் இந்தக் கடற்கரையை ஒட்டி நகராமல் நின்று பெய்தது. பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு 1 முதல் 11 வரை எண்ணுடையது. முதல் இரண்டும் தொலைவிலுள்ள புயலைக் குறிப்பவை. அப்போதே தீவை விட்டு வெளியேறுவது பற்றி யோசிக்க வேண்டும். மூன்றாம் எண் ஏறிய பிறகும் தீவில் இருந்தால், கேரவனை ஒரு கட்டடத்தின் காற்று மறைவில் நிறுத்திவிட்டு, நீங்கள் கெட்டியான கூரையின் கீழே போய்விடுங்கள். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவில் தனுஷ்கோடியில் ரயிலையே கடல் கொண்டுபோன கரை இது. கடலோர ஊர்களில் புயல் பாதுகாப்பு மையங்கள் உண்டு. எது அருகில் என்பதை 1077 சொல்லும்.

மழையில்லாவிட்டாலும் அரிச்சல்முனையில் இரவு தங்க அனுமதி கிடையாது. மாலையில் காவலர்கள் எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். அங்கே வண்டி பழுதானால், இருட்டும் முன்பே சோதனைச் சாவடியில் தெரிவித்து, அடையாள அட்டைகளைக் காட்டிவிடுங்கள். எல்லைக் கடல் என்பதால் கேள்விகள் கூடுதலாக இருக்கும், அவற்றில் பகையில்லை. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாள்களில் ராமேசுவரத்துக்குள் கேரவனைக் கொண்டுபோவதைத் தவிருங்கள். பழுதான வண்டியை ஒதுக்கவும் அங்கே இடம் கிடைக்காது.

உடம்புக்கு வந்தால்

ஆழமில்லாத கடலில் நடக்கும்போது திருக்கையின் முள் குத்தினால், பொறுக்கக்கூடிய அளவு சூடான வெந்நீரில் காலை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரையில் வைத்திருப்பது வலியைக் குறைக்கும். அதன்பின் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்ட இடத்தைக் கடல்நீரால் கழுவுங்கள், தேய்க்காதீர்கள். மூச்சுத் திணறல், மயக்கம் வந்தால் 108தான். வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் குழந்தையையோ முதியவரையோ, "ஐந்து நிமிடம்தானே" என்று விட்டுச் செல்லாதீர்கள். ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தீவில் ராமேசுவரம் அரசு மருத்துவமனை உண்டு.

எப்போது கைவிடுவது

பிரேக், ஸ்டீயரிங், கியர்பெட்டி ஆகியவற்றில் கோளாறு என்றால் தற்காலிக ஒட்டு வேலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒருமுறை எங்களுக்குப் பிரேக் குழாயில் கசிவு ஏற்பட்டபோது, பட்டறைக்காரர் ஒருவர், "மதுரை வரைக்கும் தாங்கும் சார்" என்று சொல்லிக் கட்டிவிட்டார். பார்த்திபனூர் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. அந்த நிலையில் வண்டியைத் தட்டு லாரியில் ஏற்றி மதுரைக்கு அனுப்பிவிட்டு, குடும்பத்தைப் பேருந்திலோ ரயிலிலோ அழைத்துச் செல்வதுதான் சரி. ஏற்றுவதற்கு முன் வண்டியின் உயரத்தை லாரிக்காரரிடம் அளந்து சொல்லுங்கள். லாரியின் தட்டு உயரமும் சேர்ந்தால் தெருவின் தொங்கும் கம்பிகளும் ரயில்வே சுரங்கப்பாதையும் இடிக்கும். தண்ணீரை வடித்து, சிலிண்டரைக் கழற்றி, நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, நகைகளையும் ஆவணங்களையும் கையோடு எடுத்துவிடுங்கள்.

வீடு திரும்பிய பின்

கடைசிப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். திரும்பிய இரண்டு நாள்களுக்குள் வண்டியின் அடிப்பகுதியை, சக்கர வளைவுகளின் உட்புறம் உள்பட, நல்ல தண்ணீரால் அழுத்தமாக அடித்துக் கழுவ வேண்டும். கழுவிய பிறகு பத்து கிலோமீட்டர் ஓட்டி, பிரேக்குகளை நாலைந்து முறை மிதித்து அவற்றின் ஈரத்தைப் போக்குங்கள். அதன்பின் நீண்ட நாள் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கைப் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை மட்டும் கொடுங்கள். ஒருமுறை நாங்கள் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு மூன்று வாரம் கழித்துக் கிளப்பியபோது, உப்பில் துருவேறிய பிரேக் ஒட்டிக்கொண்டு, பின்சக்கரம் ஒன்று சுழலாமல் வாசல் முழுவதும் கோடு போட்டது. ஸ்டெப்னியைத் தாங்கும் சங்கிலிக்கும் அதே கதிதான். மாதம் ஒருமுறை அதை இறக்கி, கிரீஸ் தடவி, காற்றைப் பார்த்து, மறுபடி ஏற்றிவிடுங்கள்.